ஒரே அட்டையில் இரண்டு குடும்பப் பெயர்: ஒரு சீன-அமெரிக்கத் திருமண வடிவமைப்பு, நிகழ்வு ஆய்வு

இந்தக் கல்யாணத்துக்காக என் கையிலிருந்து போன முதல் பொருளே தப்பாகப் போனது. அழைப்பிதழின் மாதிரிப் பிரதி. சிவப்பு அட்டை, தங்க எழுத்து, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம். பெண் வீட்டார் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அந்த ஒலிக்குப் பொருந்தும் சீன எழுத்தைப் போட்டுத் தந்தார். பெண்ணின் பாட்டிக்குத் தொண்ணூற்று மூன்று வயது. அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தவர், மெதுவாக மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது எங்க வீட்டுப் பேர் இல்லை."

ஆங்கிலத்தில் அதுதான் அவர்கள் வீட்டுப் பெயர். கடவுச்சீட்டிலும் வரிப் படிவத்திலும் வாசல் அழைப்புமணியின் மேலும் அதுதான் இருக்கிறது. பாட்டி சொன்னதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ளப் போனபோதுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. பூ, துணி, விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்தன.

நான் ஓக்லண்டில் இருந்துகொண்டு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கல்யாணங்களை வடிவமைப்பவள். இங்கே சொல்வது 2023 அக்டோபரில் நடந்த ஒரு கல்யாணம். பெண் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவள். பூர்வீகம் குவாங்டாங் மாகாணத்துத் தைஷான். மாப்பிள்ளை ஒஹையோவின் யங்ஸ்டவுன் ஊர்க்காரர். அம்மா வழி இத்தாலியர், அப்பா வழி ஸ்லோவாக்கியர். விருந்துக்கு 180 பேர். பெயர்களைச் சொல்லப்போவதில்லை. காரணம் படித்துக்கொண்டு போனால் புரியும்.

முதல் சந்திப்பில் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இரண்டு மரபும் கலந்து இருக்கணும், ஆனா தீம் பார்க் மாதிரி இருக்கக் கூடாது."

யார் வீட்டுக் கல்யாணம்?

வடிவமைப்பைப் பேசுமுன் பணத்தைப் பேச வேண்டியிருந்தது. பழைய அமெரிக்க வழக்கத்தில் கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது. அழைப்பிதழும் பெண்ணின் பெற்றோர் பெயரில்தான் போகும். சீன வழக்கத்தில் விருந்து வைப்பது மாப்பிள்ளை வீட்டார். இங்கே பெண் சீனர், மாப்பிள்ளை அமெரிக்கர். ஆக, இரண்டு வீட்டாரும் அவரவர் மரபைக் கடைப்பிடித்தால் இருவருமே எதிர் வீட்டார் கொடுப்பார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு லேசான வருத்தம்கூட வந்துவிட்டது. கடைசியில் பாதிக்கு மேல் மணமக்களே போட்டார்கள், மீதியைப் பெற்றோர் பகிர்ந்துகொண்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பணம் தருபவர் பெயர்தான் அட்டையில் முதலில் வரும். சீன அட்டையில் இரு வீட்டுப் பெற்றோரின் பெயரும் வரும். பெண் மூத்த மகளா இரண்டாவது மகளா என்பதும் வரும். சூரிய நாட்காட்டித் தேதியோடு சந்திர நாட்காட்டித் தேதியும் வரும். அமெரிக்க அட்டை ஒரே ஒரு வாக்கியம். அந்த அட்டையில்தான் நான் சறுக்கினேன்.

காகிதப் பெயர்

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை மூடியது. அந்தச் சட்டம் 1943 வரை இருந்தது. நீக்கிய பிறகும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். இடையில் 1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்தது. அதையடுத்த தீயில் நகராட்சியின் பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாயின. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒரு சீனர் சொன்னால் மறுக்கக் காகிதம் இல்லாமல் போனது. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் ஊருக்குப் போய்வந்து, 'எனக்கு அங்கே மகன் பிறந்திருக்கிறான்' என்று பதிவு செய்தார்கள். பிறக்காத அந்த மகனின் இடம் விலைக்குப் போனது. அதை வாங்கி, விற்றவரின் குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்தவர்களைக் காகித மகன்கள் என்றார்கள்.

பெண்ணின் தாத்தா 1930களில் பன்னிரண்டு வயதில் அப்படி வந்தவர். ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் வைத்து விசாரிப்பார்கள். வீட்டு வாசலில் எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில், பக்கத்து வீட்டில் யார் யார்? வேறொருவர் வீட்டைப் பற்றிய பதில்களைச் சிறுவன் மனப்பாடம் செய்து ஒப்பித்தான். 1956 முதல் 1965 வரை உண்மையை ஒப்புக்கொள்ள அரசு ஒரு வழி திறந்தது. அவர் போகவில்லை. போனால் தன்னோடு சேர்த்து, பெயர் கொடுத்த குடும்பம் முழுவதையும் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். காகிதப் பெயர் பிள்ளைக்குப் போனது, பேத்திக்கும் வந்தது.

ஆனால் வீட்டுக்குள், சீன எழுத்தில், உண்மைப் பெயர்தான். நகரத்துக்குத் தெற்கே கோல்மா என்று கல்லறைகளுக்கென்றே ஓர் ஊர் உண்டு. அங்கே இப்படிப்பட்ட குடும்பங்களின் கற்களில் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் சீனத்தில் வேறொரு பெயரும் வெட்டியிருக்கும். தாத்தாவின் கல்லும் அப்படித்தான். கல்யாணப் பேச்சில் கல்லறையை எடுக்கக் கூடாது என்பதால் பாட்டி இதை என்னிடம் சொல்லவில்லை. பெண்தான் பிறகு காரில் வைத்துச் சொன்னாள். அவளுக்குச் சீனம் படிக்க வராது. அந்த எழுத்தின் வடிவம் மட்டும் தெரியும்.

இதற்குப் பிறகு அட்டை ஒரே நாளில் முடிந்தது. இடமிருந்து திறந்தால் ஆங்கிலம். ஒரே வாக்கியம், காகிதப் பெயர். வலமிருந்து திறந்தால் மேலிருந்து கீழே இறங்கும் சீனம், உண்மைப் பெயர். இரண்டு மடிப்பும் நடுவில் சந்திக்கும் இடத்தில் தேதி. விளக்கக் குறிப்பு எதுவும் வேண்டாம் என்று பாட்டி சொல்லிவிட்டார். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது அழகான எழுத்து.

அமெரிக்கக் கல்யாணங்களில் மணமக்களின் முதலெழுத்துகளைப் பின்னிப் பிணைத்து ஒரு முத்திரை போடுவார்கள். துணியில், கேக்கில், கைக்குட்டையில் எல்லாம் அது வரும். அதை எடுத்துவிட்டேன். எந்தப் பெயரின் முதலெழுத்தைப் போடுவது? அந்த இடத்தில் இரட்டை மகிழ்ச்சி எழுத்து வந்தது: 'மகிழ்ச்சி' என்ற ஒரே எழுத்து இரண்டு முறை தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வடிவம். அதில் யார் பெயரும் இல்லை.

கலக்காமல் அடுக்குவது

என் துறையில் 'கலப்பு' என்றால் ஒரே பொருளில் இரண்டையும் திணிப்பது என்று ஆகிவிட்டது. வெள்ளை கேக்கின்மேல் சர்க்கரை டிராகன், வெள்ளை கவுனுக்குச் சீனக் கழுத்துப் பட்டை, மேசைக்கு மேசை குட்டிக் காகிதக் குடை. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இரண்டு ருசியும் கெட்டுப்போகிறது. ஒவ்வொரு சடங்குக்கும் அதற்கான மணி நேரம், அதற்கான இடம், அதை நடத்தத் தெரிந்த ஒரு பெரியவர் என்று கொடுத்துவிட்டால் அதுவே போதும். கலக்க வேண்டிய இடம் தானாகத் தட்டுப்படும்: இரண்டு வீடும் ஏற்கெனவே ஒரே காரியத்தை வேறு வேறு பெயரில் செய்துகொண்டிருக்கும் இடம்.

முதலில் விலக்கியவை. சீனக் கருப்பொருள் என்று சொன்னாலே அலங்காரக் கடைகள் நீட்டும், உணவகச் சாப்பாட்டை வாங்கிப்போகும் மடிப்புக் காகிதப் பெட்டி, உண்மையில் 1894-இல் சிகாகோவில் காப்புரிமை பெற்றது. சிப்பி வாங்கிப்போகச் செய்த அமெரிக்க வாளி. உள்ளே குறிச்சீட்டு வைத்த அதிர்ஷ்டக் குக்கி ஜப்பானிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் ஊன்றியது. பரிசுப்பொருளாக அந்தப் பெட்டியை வைக்கலாமா என்று மாப்பிள்ளையின் சகோதரி கேட்டபோது பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். அவர் வீட்டில் உணவகம் நடத்தியவர்கள். "சின்ன வயசு முழுக்க மடிச்சாச்சு. பொண்ணு கல்யாணத்துலயுமா?"

அடுத்து வெள்ளை. அமெரிக்க மணப்பெண்ணின் வெள்ளைக்கு வயது அதிகமில்லை. 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளை உடுத்தி மணம் செய்ததிலிருந்து பரவிய வழக்கம் அது. சீனர்களுக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். இன்றைய சீனப் பெண்களும் வெள்ளை கவுன் போடுகிறார்கள், அதில் பெரிய சண்டை கிடையாது. சண்டை பூவில் வரும். வெள்ளைச் சாமந்தி சாவு வீட்டுப் பூ. அமெரிக்கப் பூ அலங்காரக்காரர்கள் 'காலத்தால் அழியாத வெள்ளை' என்று அதையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

சீனக் கல்யாணத்துக்குப் பியோனிதான் பூ. ஆனால் அது வசந்தத்தில் பூப்பது. அக்டோபரில் வேண்டும் என்றால் பூமியின் மறுபாதியிலிருந்து விமானத்தில் வர வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். டாலியாவுக்குப் போனேன். 1926 முதல் சான் பிரான்சிஸ்கோவின் அதிகாரப்பூர்வ மலர் அது. அக்டோபரிலும் கிடைக்கும், பியோனியின் கனமும் அடுக்கும் கொஞ்சம் இருக்கும். அடர் சிவப்பில் எடுத்தோம். ஒரு எச்சரிக்கை: வெட்டிய டாலியா மூன்று நான்கு நாளுக்கு மேல் நிற்காது. முந்தின நாள் மாலை வெட்டி, இரவெல்லாம் குளிரில் தண்ணீரில் நிறுத்தினோம். அப்படியும் ஐந்தில் ஒன்று விருந்துக்குள் தலை சாய்ந்தது.

பரிசுப் பட்டியலிலும் கை வைக்க வேண்டியிருந்தது. மணமக்கள் கடையில் பதிந்து வைத்த பட்டியலில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. சீனத்தில் 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'சாவுக்கு வழியனுப்புவது' என்பதும் ஒரே ஒலி. அதை எடுத்தாயிற்று. சமையல் கத்திகளும் இருந்தன. கத்தி உறவை அறுக்கும் என்பார்கள். இங்கே யங்ஸ்டவுன் பாட்டி குறுக்கிட்டார்: "கத்திக்கு ஒரு பென்னி திருப்பிக் கொடுத்துட்டா போச்சு, வாங்கினதா ஆயிடும்." சீனப் பாட்டியும் தலையாட்டினார். அவர்கள் ஊரிலும் அதே பரிகாரம்தான். இரண்டு பாட்டிகளுக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்த ஒரு சென்ட்டில் தொடங்கியது அவர்கள் சிநேகிதம்.

நாளும் நேரமும்

சீனப் பஞ்சாங்கம் பார்த்து வந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஒஹையோக்காரர்கள் வேலை நாளா என்று முணுமுணுத்தார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் ஒரு மணி நேரம் இடம் வாடகைக்கு எடுக்க வார நாள்தான் சிக்கனம். அந்த ஒரு மணியில் நூறு பேர் வரைதான் அனுமதி.

நகர மன்றம் வேண்டும் என்றது பெண். 1906-இல் இடிந்ததற்குப் பதிலாகக் கட்டி 1915-இல் திறந்த கட்டடம் அது. பளிங்குப் படிக்கட்டும் குவிமாடமும் எல்லோர் புகைப்படத்திலும் இருக்கும். அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. தாத்தாவுக்கு அந்தப் பெயரைச் சாத்தியமாக்கியது பழைய கட்டடத்தின் தீ. புதிய கட்டடத்தில் முதல் 33 ஆண்டுகள் அவளையும் மாப்பிள்ளையையும் போன்ற ஜோடிக்கு உரிமம் கொடுத்திருக்கவே மாட்டார்கள். வெள்ளையரும் 'மங்கோலியரும்' (சீனர்களைச் சட்டம் அப்படித்தான் வகைப்படுத்தியது) மணப்பதற்குக் கலிஃபோர்னியா 1880-இலிருந்து உரிமம் மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது 1948 அக்டோபர் 1-ஆம் தேதி, பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில். நாடு முழுவதற்கும் அப்படியொரு தீர்ப்பு வர 1967 ஆயிற்று. பாட்டி கப்பலில் வந்து இறங்கியதும் அதே 1948-இல்தான், போர் வீரரின் மனைவி என்ற வகையில்.

அங்கே அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. ஒரு பூச்செண்டு, வெள்ளை கவுன், பதினைந்து நிமிடச் சடங்கு. அந்தக் கட்டடத்துக்குள் பூவைக் கொண்டுபோய்க் கொட்டுவது யானைக்குப் பொட்டு வைப்பது மாதிரி.

தேநீர்

உண்மையான வேலை காலையில், ரிச்மண்ட் பகுதியில் பாட்டியின் வீட்டில் நடந்தது. முந்தின இரவே தலை வாரும் சடங்கு முடிந்திருந்தது. கணவரும் பிள்ளைகளுமாக நிறைந்து வாழும் ஒரு பெண்மணி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே சீப்பை இழுக்க வேண்டும். சுமங்கலி என்ற சொல்லை அமெரிக்க உதவியாளருக்கு விளக்க எனக்கு நேரமாகும். பாட்டி சொன்னதும் எனக்கு உடனே விளங்கியது. பாட்டி தானே வாரவில்லை, கதவோரம் நின்று பார்த்தார்.

காலையில் வாசல் விளையாட்டு. மாப்பிள்ளையும் தோழர்களும் பெண்ணின் தோழிகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நான்கையும் சாப்பிட வேண்டும். பச்சைப் பாகற்காயைக் கடித்த யங்ஸ்டவுன் தோழர் ஒருவரின் முகம்தான் அந்தக் கல்யாணத்தின் மிகச் சிறந்த புகைப்படம். பணம் வைத்த சிவப்பு உறைக்கான பேரம் 999 டாலரில் தொடங்கி 99-இல் முடிந்தது. ஒன்பதின் ஒலி நீண்ட காலத்தைக் குறிக்கும், அதனால் இரண்டுமே மங்கலம்.

பிறகு தேநீர். மணமக்கள் மண்டியிட்டு, பெரியவர்களுக்கு வரிசைப்படி கோப்பை நீட்டி, உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். வாங்கிக் குடித்தவர் சிவப்பு உறையோ தங்கமோ கொடுத்து வாழ்த்துவார். தேநீரில் சீன இலந்தையும் தாமரை விதையும் போடுவார்கள். இலந்தையின் பெயரும் 'சீக்கிரம்' என்ற சொல்லும் ஒரே ஒலி, தாமரை விதையின் பெயரில் 'தொடர்ந்து பிள்ளைகள்' ஒளிந்திருக்கிறது. சொல்லாமல் சொல்லும் வாழ்த்து.

உறவுமுறைதான் மாப்பிள்ளைக்குப் பூதமாக நின்றது. ஆங்கிலத்தில் எல்லாரும் அங்கிள். குவாங்டாங் பக்கத்துச் சீனமான கான்டனீஸில் அப்பாவின் அண்ணன் வேறு, தம்பி வேறு, அம்மாவின் சகோதரர் வேறு. என்னோடு வேலை செய்த அமெரிக்கப் பெண் இதை ஓர் அட்டவணையாக்க இரண்டு நாள் திணறினாள். நான் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று தமிழில் பெட்டி போட்டு அரை மணியில் முடித்தேன். ஒரே இடத்தில்தான் எனக்கே சிரிப்பு வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டியைக் கான்டனீஸில் 'மா-மா' என்று அழைப்பார்கள். அந்தத் தொண்ணூற்று மூன்று வயது மூதாட்டியை மாப்பிள்ளை ஒரு வாரமாக 'மாமா, மாமா' என்று ஒத்திகை பார்த்ததை என் அம்மாவிடம் போனில் சொல்லி, இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

மாப்பிள்ளையின் பெற்றோர் விவாகரத்தானவர்கள். அப்பா மறுமணம் செய்தவர், அம்மா செய்யவில்லை. தேநீர் வரிசை என்பது மரியாதையின் வரைபடம். அதில் மாற்றாந்தாய்க்கு எங்கே இடம்? எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. பாட்டியிடம் கேட்டோம். "ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ முழிச்சிருந்தது யாரு?" என்று திருப்பிக் கேட்டார். அம்மா முதலில் என்றாயிற்று. நாற்காலிகள் இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் கண்ணை உறுத்தும். அம்மாவின் பக்கத்தில் அவருடைய அம்மாவை, அந்த பென்னிப் பாட்டியை, உட்கார வைத்தோம். அடுத்த சுற்றில் அப்பாவும் அவர் மனைவியும்.

இங்கே ஒரு பிழை செய்தேன். மாதங்களுக்கு முன்பே மாப்பிள்ளையின் அப்பா, "என் மகன் யார் முன்னாலும் மண்டி போட வேண்டாம், என் முன்னாலும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். சரி என்று அவருடைய முறைக்கு மட்டும் நின்றபடி தலை வணங்குவதாக வைத்தேன். அன்று காலை அவர் கண் முன்னாலேயே மகன் பெண் வீட்டாரின் இருபது பெரியவர்களுக்கு மண்டியிட்டான், தன் அம்மாவுக்கும் மண்டியிட்டான், அவருக்கு மட்டும் தலை வணங்கினான். மதியம் அவர் என்னிடம் வந்து, "நான் கேட்டது இதைத்தான், தெரியும்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்தச் சடங்கை ஒருமுறை காணொளியிலாவது காட்டிவிட்டு அவரிடம் முடிவு கேட்டிருக்க வேண்டும்.

நேரமும் தப்பியது. இணைக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டும் ஒரு மணியை நெருங்கிவிட்டது. வாழ்த்துச் சொல்லும் பெரியவரை அவசரப்படுத்த எந்த ஒருங்கிணைப்பாளராலும் முடியாது.

பலகார மேசையும் மாஜோங் மேசையும்

இரண்டு மரபும் தாமாகவே சந்தித்த இடம் இதுதான். யங்ஸ்டவுன் கல்யாணங்களில் குக்கி மேசை என்று ஒன்று உண்டு. பிட்ஸ்பர்க்காரர்கள் அது தங்களுடையது என்பார்கள், அந்தச் சண்டை தீராதது. அத்தை, சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டார் எல்லாரும் வாரக்கணக்கில் சுட்டு, ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து ஒரு நீள மேசையில் அடுக்குவார்கள்: இரும்பு அச்சில் வார்க்கும் மெல்லிய பிட்செல்லே, பழக்கூழ் வைத்து மடித்த கொலாச்சி, குழல் வடிவத்தில் சுட்டுப் பாலேடு நிரப்பிய லேடி லாக்ஸ். கேக் இருந்தாலும் பேச்சு இதைப் பற்றித்தான். விருந்தினர் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கான்டனீஸ் வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அதற்கென்றே பலகாரம் உண்டு. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் படலம் படலமாக உதிரும் மாவுக்குள் பருப்பு விழுதோ தாமரை விதை விழுதோ இருக்கும். பெண் வீட்டார் அதைச் சொந்தக்காரர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பார்கள். கல்யாணச் செய்தியை அறிவிப்பதே அந்தப் பெட்டிதான்.

ஒரே மேசை போட்டேன். இந்த முனையில் பிட்செல்லே, அந்த முனையில் கான்டனீஸ் பலகாரம், நடுவில் வெற்றுப் பெட்டிகள். ஒஹையோவிலிருந்து குக்கி விமானத்தில் கைப்பெட்டியில் வந்தது. ஐந்து அத்தைகள், ஆளுக்கு ஒரு பெட்டி. பிட்செல்லே கால்வாசி நொறுங்கிவிட்டது. நொறுங்கியதை ஐஸ்கிரீமுக்கு வைத்துக்கொண்டோம். அலங்காரம் என்று அந்த மேசையில் நான் செய்தது உயரம் மாற்றி வைத்தது மட்டுமே. விருந்து முடிந்தபோது ஒரு பெட்டிகூட மிச்சமில்லை.

மாஜோங் என்ற சீனக் கட்டை ஆட்டமும் அப்படித்தான். கான்டனீஸ் விருந்துக்கு அட்டையில் ஐந்து மணி என்று போட்டிருக்கும், சாப்பாடு ஏழரைக்கு வரும். இடைப்பட்ட நேரம் மாஜோங் ஆட. அமெரிக்கர்களுக்கு அதே இடைவெளி மதுவோடு நின்று பேசும் நேரம். ஆனால் அவர்கள் போட்ட நேரத்துக்கு வந்து நிற்பார்கள். ஆகவே அட்டையின் சீனப் பக்கத்தில் ஐந்து மணி, ஆங்கிலப் பக்கத்தில் ஆறு மணி என்று அடித்தேன். இரண்டு கூட்டமும் ஆறேகாலுக்குச் சேர்ந்தே வந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மாஜோங் தெரியும் என்று கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். 1920களில் அமெரிக்காவில் அந்த ஆட்டத்துக்குப் பித்தே பிடித்தது. 1937-இல் நியூயார்க்கில் தேசிய மாஜோங் கழகம் அமைந்து தனக்கென விதிகள் வகுத்தது. அதில் ஜோக்கர் எட்டோடு 152 கட்டைகள், ஆண்டுதோறும் மாறும் ஒரு விதி அட்டை, தொடக்கத்தில் கட்டைகளை மாற்றிக்கொள்ளும் சார்ல்ஸ்டன். கான்டனீஸ் ஆட்டத்தில் 144 கட்டைகள், ஜோக்கர் கிடையாது. அவரையும் சீனப் பாட்டியையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோம். ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் எதிராளி கள்ளாட்டம் ஆடுவதாகத் தோன்றிவிட்டது. பேத்தி வந்து சமாதானம் செய்து இரண்டு மேசையாகப் பிரித்தாள். என் கொள்கைக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

விருந்து

சைனா டவுனில் ஒரு பழைய விருந்துக் கூடம். மேடைச் சுவரில் டிராகனும் பீனிக்ஸும், நடுவில் விளக்குப் போட்ட பெரிய இரட்டை மகிழ்ச்சி, தரையில் சிவப்புக் கம்பளம். என்னைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட கூடத்துக்குள் நுழைந்ததும் செய்யும் முதல் வேலை வெள்ளைத் துணி போட்டு அதையெல்லாம் மறைப்பது. மறைக்கவில்லை. சுவர் சிவப்பும் பொன்னுமாகக் கத்திக்கொண்டிருக்க, மேசை பேசாமல் இருக்க வேண்டும். மணல் நிறத் துணி, ஒரு சிவப்பு டாலியா, அவ்வளவுதான். துணிச் செலவில் மிச்சமானது சூப்புக்குப் போனது.

சூப்பு ஒரு தனிக் கதை. பாட்டி தலைமுறைக்குச் சுறாத் துடுப்பு சூப்பு இல்லாத கல்யாணம் கஞ்சத்தனம். கலிஃபோர்னியா 2011-இல் சட்டம் போட்டு 2013-இலிருந்து அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. நண்டும் மீனின் காற்றுப் பையும் போட்ட சூப்புக்குப் பாட்டியைச் சம்மதிக்க வைக்க அவருடைய மகனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

18 மேசை. நான்கு என்ற எண்ணின் ஒலி சாவைக் குறிப்பதால் 4-ம் 14-ம் கிடையாது. ஒஹையோ அத்தை 13-உம் வேண்டாம் என்றார். கடைசி மேசையின் எண் 21. பசுமை நிறத் தொப்பி போட்டு வந்த மாமா ஒருவரிடம் அதைக் கழற்றச் சொன்னோம். சீனத்தில் பச்சைத் தொப்பிக்காரன் என்றால் மனைவியிடம் ஏமாந்தவன்.

உணவக கேப்டன் முன்பே எச்சரித்திருந்தார்: பன்றிக்குட்டி காத்திருக்கும், மீன் காத்திருக்காது. அமெரிக்கக் கல்யாணத்தில் தோழன், தோழி, அப்பா என்று வாழ்த்துரைகள் நீளும். அதையெல்லாம் முதல் தட்டு வருமுன் முடித்தோம். சூப்புக்குப் பிறகு மணமக்கள் மேசை மேசையாகப் போய்க் கோப்பை உயர்த்தினார்கள். பெண் அப்போது வாடகைக்கு எடுத்த குவா என்ற சீன மண உடையில் இருந்தாள். டிராகனும் பீனிக்ஸும் பொன் வெள்ளி இழையில் துணியே தெரியாத அளவுக்கு நெருங்கி நிற்கும் மேற்சட்டையும் பாவாடையும். அந்த இழை நெருக்கத்தை வைத்துத்தான் விலை. எடையும் அதை வைத்துத்தான். 18 மேசை நடந்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

தோற்றது நடனம். முதல் நடனத்துக்கும் அப்பா-மகள் நடனத்துக்கும் தளம் வேண்டும் என்றால் இரண்டு மேசையை எடுக்க வேண்டும், அதாவது இருபது சொந்தக்காரர்கள். யாரை எடுப்பது என்ற பேச்சுக்கே யாரும் வரவில்லை. மேடைக்கும் முதல் மேசைக்கும் நடுவே பாய் விரிக்கும் அளவு இடத்தில் ஆடினார்கள். அந்தப் புகைப்படத்தில் அப்பாவின் தோளுக்குப் பின்னால் ஒரு பரிசாரகர் முழு மீனை ஏந்திக்கொண்டு வழி கிடைக்காமல் நிற்கிறார். மதியம் நகர மன்றத்துக்குப் பிறகு வேறெங்காவது வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

உரிமப் படிவம்

திருமண உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, மணத்துக்குப் பிறகு என்ன பெயர் என்று கலிஃபோர்னியாவில் கேட்பார்கள். சீனப் பெண்கள் கணவர் பெயருக்கு மாறுவதில்லை, அமெரிக்கப் பெண்கள் பெரும்பாலும் மாறுகிறார்கள். பெண் மூன்றாவதாக ஒன்று கேட்டாள்: தாத்தாவின் உண்மைப் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதலாமா? முடியாது. துணைவரின் பெயர், இருவரில் ஒருவர் பிறந்தபோது இருந்த பெயர், அல்லது இவற்றை இணைத்த பெயர். படிவம் ஏற்பது இவ்வளவே. வேறு பெயர் வேண்டும் என்றால் தனியாக நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும்.

அவள் காகிதப் பெயரை அப்படியே விட்டுவிட்டாள். அட்டைகளில் மிஞ்சியவை பதினாறு. பாட்டி இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் சீனப் பக்கம் தெரியும்படி நிறுத்தியிருந்ததைப் பிறகு ஒருநாள் பார்த்தேன்.